பள்ளி வாசலில் அழும் பிள்ளை: பிரிவுப் பதற்றம் என்றால் என்ன?

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் எந்த நர்சரிப் பள்ளி வாசலுக்குப் போனாலும் இந்தக் கூட்டத்தைப் பார்க்கலாம். மார்பில் ஊக்கு குத்திய கைக்குட்டை, கழுத்தில் தொங்கும் தண்ணீர் பாட்டில், இரண்டு கையாலும் அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு வீறிடும் பிள்ளை. ஆயாம்மா வந்து ஒவ்வொரு பிள்ளையாகப் பிய்த்துத் தூக்கிக்கொண்டு போகிறார். வெளியே ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நிற்கும் அப்பா. பக்கத்தில், "இத்தனூண்டு புள்ளைய இப்பவே அனுப்பித்தான் ஆகணுமா?" என்று யாரிடம் என்றில்லாமல் கேட்கும் பாட்டி.

பிள்ளையின் அந்த அழுகைக்குக் குழந்தை மனநல மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் பிரிவுப் பதற்றம். தன்னைப் பார்த்துக்கொள்ளும் ஆள் கண்ணை விட்டு மறையும்போது குழந்தைக்கு வரும் பயம் அது. நோய் கிடையாது, அடம் கிடையாது, "செல்லம் கொடுத்துக் கெடுத்ததன்" விளைவும் கிடையாது. ஏறக்குறைய எட்டு மாதத்தில் தலைகாட்டி, பத்து மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் உச்சத்துக்குப் போய், பொதுவாக மூன்று வயது வாக்கில் தணியத் தொடங்கும். நாம் ப்ளே ஸ்கூலிலோ ப்ரீ-கே.ஜி.யிலோ சேர்ப்பது பெரும்பாலும் இரண்டரை, மூன்று வயதில். பதற்றம் தணிந்துகொண்டு வரும், ஆனால் இன்னும் முழுதாகப் போகாத நேரம். வாசலில் அழுகை வராவிட்டால்தான் ஆச்சரியம்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஏன் இல்லை? அதுவரை குழந்தைக்குக் கண்ணில் படாத பொருள் உலகத்திலேயே இல்லாத பொருள் மாதிரிதான். கிலுகிலுப்பையைத் துணிக்கு அடியில் ஒளித்தால் தேடாது. பிறகு ஒரு நாள் துணியைத் தூக்கிப் பார்க்கும். மறைந்தாலும் அது எங்கோ இருக்கிறது என்ற அறிவு வந்துவிட்டது. அந்த அறிவோடு சேர்ந்து வருவதுதான் இந்தப் பயமும்: அம்மா எங்கோ இருக்கிறாள், ஆனால் இங்கே இல்லை, எப்போது வருவாள் என்றும் தெரியவில்லை. "பொறந்த குழந்தையா இருந்தப்போ யார் தூக்கினாலும் போவான், இப்பதான் இப்படி ஆயிட்டான்" என்று வீட்டில் குறைபட்டுக்கொள்வது உண்மையில் மூளை வளர்ந்ததற்கான அடையாளத்தைப் பற்றி.

இதை முறையாக விளக்கியவர் ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடிழந்த குழந்தைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951-இல் ஓர் அறிக்கை எழுதினார். பிறகு 1969 முதல் 1980 வரை மூன்று தொகுதிகளாகத் தன் கோட்பாட்டை விரித்தார். அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: குழந்தை அம்மாவை ஒட்டிக்கொள்வது பாலுக்காக மட்டும் இல்லை. தன்னால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத குட்டி, காக்கக்கூடிய பெரிய உயிரின் பக்கத்திலேயே இருந்தால்தான் பிழைக்கும். ஆகவே அந்த ஆள் விலகும்போது அழுவது, தேடுவது, தொற்றிக்கொள்வது எல்லாம் பிறவியிலேயே கூட வந்த ஏற்பாடு. பள்ளி வாசலில் நடப்பது அந்த ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்வதுதான். பிள்ளைக்கு எல்.கே.ஜி. என்றால் என்னவென்று தெரியாது. அறிமுகமில்லாத இடத்தில், அறிமுகமில்லாத ஆளிடம் விட்டுவிட்டு என் ஆள் போகிறாள் என்பது மட்டும் தெரியும்.

இந்த வாக்கியத்திலேயே தீர்வும் இருக்கிறது. இடமும் ஆளும் அறிமுகமாகிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். அதிலும் ஆள்தான் முதலில். பாசப் பிணைப்பு ஒருவரோடு மட்டும்தான் வரும் என்பதில்லை. அப்பா, பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று குழந்தை நாலைந்து பேரிடம் ஒட்டிக்கொள்ளும். அவர்களில் யார் தூக்கினாலும் சமாதானமாகும். பள்ளிக்குள்ளும் அப்படி ஓர் ஆள் வேண்டும். பல பள்ளிகளில் அந்த ஆள் மிஸ்ஸாக இருப்பதில்லை. ஆயாம்மாதான். மூக்கைத் துடைத்துவிடுவதும், டிபன் பாக்ஸைத் திறந்துகொடுப்பதும், ஒண்ணுக்குக் கூட்டிப் போவதும், தூங்கி விழும் பிள்ளையை மடியில் போட்டுக்கொள்வதும் அவர்தானே.

அட்மிஷனுக்குப் போகும்போது நாம் கேட்பது என்ன? எந்த சிலபஸ், ஃபீஸ் எவ்வளவு, ஃபோனிக்ஸ் சொல்லித்தருவீர்களா, ஸ்மார்ட் போர்டு இருக்கிறதா. மூன்று வயதுப் பிள்ளைக்கு இதில் ஒன்றும் பெரிய விஷயமில்லை என்பது என் கருத்து. கேட்க வேண்டிய கேள்வி வேறு: "பிள்ளை அழுதால் யார் தூக்குவாங்க? அவங்க தினமும் அதே ஆள்தானா? ஒருத்தர் பொறுப்பில் எத்தனை பிள்ளைங்க?" ஆயாம்மா அடிக்கடி மாறுகிற பள்ளியில் சறுக்கு மரம் எவ்வளவு வண்ணமாக இருந்தாலும் பிள்ளை பழக நாளாகும்.

இந்த ஒரு விஷயத்தில் தெருமுனை அங்கன்வாடிக்குப் பெரிய சாதகம் உண்டு. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் நடக்கும் மையங்கள் இவை. பெரும்பாலும் பணியாளரும் உதவியாளரும் அதே ஊர், அதே வட்டாரம். கர்ப்பமாக இருந்தபோதே சத்துமாவு வாங்க அம்மா போய் வந்த இடம். பிள்ளை இடுப்பில் இருந்த நாளிலிருந்தே பார்த்துப் பழகிய முகம். ஏசி வேனில் போய் இறங்கும் பள்ளியில் இந்த அறிமுகத்தைப் புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கிறது.

அழுகையை அளக்காதீர்கள், திரும்பி வருவதைப் பாருங்கள்

பௌல்பியோடு வேலை பார்த்தவர் மேரி எய்ன்ஸ்வொர்த். 1950-களின் நடுவில் உகாண்டாவில், கம்பாலாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் 26 குடும்பங்களில் தாயும் பிள்ளையும் பழகுவதைக் கூடவே இருந்து பார்த்தவர். பிறகு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு சோதனையை வடிவமைத்தார். ஏறத்தாழ இருபது நிமிடம்தான். பொம்மைகள் கிடக்கும் ஓர் அறை. ஒரு வயதுக் குழந்தையும் அம்மாவும் உள்ளே இருக்கிறார்கள். ஓர் அந்நியர் வருகிறார். அம்மா கொஞ்ச நேரம் வெளியே போகிறார், திரும்பி வருகிறார். மறுபடி போகிறார், மறுபடி வருகிறார்.

பார்க்கிற யாருக்கும் கவனம் முதலில் போவது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதில்தான். எய்ன்ஸ்வொர்த் கவனித்தது அம்மா திரும்பி வரும் நொடியை. பாதுகாப்பான பிணைப்புள்ள குழந்தை அழுதிருக்கலாம். ஆனால் அம்மாவைக் கண்டதும் கையைத் தூக்கிக்கொண்டு வருகிறது, தோளில் சாய்கிறது, சற்று நேரத்தில் சமாதானமாகி மறுபடி பொம்மைக்குப் போகிறது. வேறு சில குழந்தைகள் அம்மா போனபோதும் அழவில்லை, வந்தபோதும் திரும்பிப் பார்க்கவில்லை. "என்ன சமத்து!" என்று நாம் சொல்லியிருப்போம். பின்னால் வந்த ஆய்வுகளில் அப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்தபோது, வெளியே அமைதியாக இருந்தாலும் உள்ளே துடிப்பு ஏறியிருந்தது தெரிந்தது.

இதிலிருந்து பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டியது நேரடியானது. காலையில் எத்தனை டெசிபலில் அழுதான் என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அழாத பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவும் வேண்டாம். மிஸ்ஸிடம் கேட்க வேண்டியவை: நாங்கள் போன பிறகு எவ்வளவு நேரத்தில் அடங்கினான்? யார் தூக்கியதும் அடங்கினான்? சாப்பிட்டானா? ஒரு தடவையாவது விளையாட்டில் சேர்ந்தானா? சாயங்காலம் கூட்டப் போகும்போது ஓடி வந்து கட்டிக்கொள்கிறானா? வாசலில் கத்தி, பத்து நிமிடத்தில் அடங்கி, மதியம் டிபன் பாக்ஸைக் காலி செய்துவிட்டு வரும் பிள்ளை நன்றாகப் பழகிக்கொண்டிருக்கிறது. வாசலில் சத்தமே இல்லாமல், நாள் முழுக்க ஒரே மூலையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைமேல்தான் கூடுதல் கண் வேண்டும்.

அந்த மௌனத்தைப் பற்றி முதலில் எச்சரித்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து மருத்துவமனைகளில் சிறு குழந்தைகளைச் சேர்த்தால் பெற்றோரைப் பார்க்க விடுவதே அபூர்வம். அங்கே இருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றை 1952-இல் அவர் படம் பிடித்துக் காட்டினார். முதலில் ஆர்ப்பாட்டம், பிறகு சோர்வு, பிறகு ஒட்டாத தன்மை என்று பிரிவு மூன்று கட்டமாகப் போவதை விளக்கினார். நர்ஸுகள் "செட்டில் ஆகிவிட்டது" என்று சொன்னது பல நேரம் இரண்டாம் கட்டத்தை. 1959-இல் பிரிட்டனில் வந்த பிளாட் குழு அறிக்கை பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். நாள் கணக்கில் மருத்துவமனையில் தனியாக இருப்பதும் மூன்று மணி நேரம் ப்ரீ-கே.ஜி.யில் இருப்பதும் ஒன்றில்லை, பயந்துவிட வேண்டாம். "இப்பல்லாம் அழுறதே இல்லீங்க" என்பதை மட்டும் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பெர்லினில் எப்படிப் பழக்குகிறார்கள்

ஜெர்மனியில் 1980-களில் உருவான ஒரு முறையைப் பெர்லின் முறை என்று சொல்வார்கள். அந்நாட்டுக் காப்பகங்களில் மிகப் பரவலாகப் பின்பற்றப்படுவது இது. முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு வகுப்பறைக்குள்ளேயே இருப்பார். தினம் ஒரு மணி நேரம்போல. அவர் விளையாட்டுக் காட்டமாட்டார், பிள்ளையைத் தள்ளிவிடவும் மாட்டார். ஓரமாக உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். ஒரே ஆசிரியை பிள்ளையிடம் மெல்லப் பேச்சுக் கொடுப்பார். அந்த மூன்று நாளும் பிரிக்கிற முயற்சியே கிடையாது. நான்காம் நாள்தான் முதல் முறையாக "போயிட்டு வரேன்" சொல்லிவிட்டு வெளியே போவது. அதுவும் அதிகபட்சம் அரை மணி நேரம், அதே கட்டடத்துக்குள். ஆசிரியை தூக்கியதும் பிள்ளை சமாதானமானால் அடுத்தடுத்த நாளில் நேரத்தைக் கூட்டுவார்கள். ஆகவில்லை என்றால் மறுபடி கூடவே இருக்கும் நாட்கள். மொத்தம் இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. நான்காம் நாள் திங்கட்கிழமையாக அமைந்தால் பிரிவை அன்று முயலமாட்டார்கள், மறுநாளுக்குத் தள்ளிவிடுவார்கள். சனி ஞாயிறு வீட்டில் இருந்துவிட்டு வரும் பிள்ளைக்குத் திங்கள் பாதி புது நாள் என்று தெரிந்து வைத்த விதி. பழகிவிட்டதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோலும் கவனிக்க வேண்டியது: பெற்றோர் கிளம்பும்போது பிள்ளை அழலாம், பாதகமில்லை. அழுத பிள்ளை அந்த ஆசிரியையின் கையில் சமாதானமாக வேண்டும்.

நம் பள்ளிகளில் கேட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொல்வதே வழக்கம். "பேரன்ட்ஸ் நின்னாத்தான் அதிகமா அழுவாங்க, போயிடுங்க" என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு: பிள்ளையை ஒப்படைத்த பிறகும் ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பது அழுகையை நீட்டிக்கத்தான் செய்யும். ஆனால் அது ஒப்படைத்த பிறகு நடப்பது. அதற்கு முன்னால் உள்ளே உட்கார்ந்து பழக்குவது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். முப்பது பிள்ளைகள் ஒரே நாளில் சேரும் வகுப்பில் முப்பது அம்மாக்களை உட்கார வைக்க முடியாது என்பதும் சரிதான். ஆனாலும் கேட்டுப் பார்க்கலாம். பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் வகுப்பறையைச் சுற்றிப் பார்க்க விடுவீர்களா? முதல் வாரம் ஒரு மணி நேரம் மட்டும் இருக்க வைத்துக் கூட்டிப் போகலாமா? ஆயாம்மாவின் பெயர் என்ன, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா? அந்தப் போட்டோவை வீட்டில் ஃபோனில் காட்டி, "இவங்கதான் வள்ளி ஆயாம்மா, உனக்கு டிபன் தெறந்து தருவாங்க" என்று தினம் இரண்டு முறை சொன்னாலே முதல் நாள் அந்த முகம் முற்றிலும் புதிதாக இருக்காது.

வேலைக்குப் போகிற பெற்றோர் முதல் நாளுக்கு மட்டும் லீவு போடுகிறார்கள். முதல் நாள் பல பிள்ளைகள் வேடிக்கை பார்த்தபடியே போய்விடும். இது ஒரு நாள் சமாச்சாரம் என்று நினைக்கும். தினமும் இப்படித்தான் என்று புரிவது மூன்றாம் நாள், நான்காம் நாள். அழுகை அன்றைக்குத்தான் வெடிக்கும். லீவு இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் அதைப் பின்னால் தள்ளி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மூன்று மணிக்கு முன்பே கூட்டிவர ஆள் வேண்டியிருப்பதும் அந்த நாட்களில்தான்.

டாட்டா சொல்லும் விதம்

பெரியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். பிள்ளை பொம்மையைப் பார்க்கும் நேரமாகப் பார்த்து நைசாக நழுவிவிடுவது. அன்றைக்கு வேலை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் பிள்ளை திரும்பிப் பார்க்கும்போது ஆள் இல்லை. கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்று அது கற்றுக்கொள்கிறது. மறுநாள் பொம்மை பக்கமே திரும்பாது. வீட்டில்கூட பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று தட்டிக்கொண்டே இருக்கும்.

"அம்மா கடைக்குப் போயிட்டு இதோ வந்துடறேன்" என்பது அடுத்தது. நான்கு மணி நேரம் கழித்துக் கையில் பையில்லாமல் வந்து நிற்கும் அம்மாவை நம்ப எந்தக் காரணமும் இல்லை. "அழுதா மிஸ் அடிப்பாங்க", "வாட்ச்மேன்கிட்ட பிடிச்சுக் கொடுத்துடுவேன்" என்பவை இதைவிட மோசம். பிள்ளை நாள் முழுக்க யாரிடம் அடைக்கலம் தேட வேண்டுமோ அவரையே பூச்சாண்டியாக்கிவிடுகிறோம். "பாரு, அந்தப் பாப்பா அழவே இல்ல" என்பது அவ்வளவு கெடுதல் இல்லை. பயனும் இல்லை.

சொல்ல வேண்டியது சின்னது, தினமும் ஒரே மாதிரி இருக்க வேண்டியது. மூன்று வயதுப் பிள்ளைக்குப் பன்னிரண்டரை மணி என்பது வெறும் சத்தம். நடக்கப்போவதை வரிசையாகச் சொன்னால் பிடித்துக்கொள்ளும்: "பாட்டுப் பாடுவீங்க, ஸ்நாக்ஸ் சாப்பிடுவீங்க, மணல்ல விளையாடுவீங்க, பெல் அடிக்கும். பெல் அடிச்சதும் அம்மா கேட்ல நிப்பேன்." ஒரு முத்தம், ஒரு ஹை-ஃபைவ், கையை ஆயாம்மாவிடம் கொடுத்துவிட்டு நடந்துவிட வேண்டும். "போகட்டுமா கண்ணா?" என்று கேள்வியாகக் கேட்கக் கூடாது. வேண்டாம் என்று பதில் வந்தால் என்ன செய்வீர்கள்? நாலு அடி போய்த் திரும்பி வந்து மறுபடி கட்டிக்கொள்வதும் கூடாது. அடுத்த நாள் அந்தத் திரும்பலுக்காகவே இன்னும் உரக்க அழும். பெல் அடிக்கும்போது கேட்டில் நிற்பேன் என்று சொல்லிவிட்டால் நின்றாக வேண்டும். டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு, எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு கடைசி ஆளாகப் போய்ச் சேர்ந்தால், மொத்த வாரத்தின் உழைப்பும் ஒரே மதியத்தில் போய்விடலாம். முதல் மாதம் மட்டுமாவது கால் மணி முன்னதாகக் கிளம்புங்கள்.

சில பிள்ளைகள் அம்மாவின் பழைய சேலைத் துண்டை மூக்கில் தேய்த்துக்கொண்டேதான் தூங்கும், துவைக்கவும் விடாது. குழந்தை மருத்துவரும் மனப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட் 1950-களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அம்மா இல்லாத நேரத்தைக் குழந்தை தாண்டுவதற்குத் தானே கண்டுபிடித்துக்கொண்ட கைப்பிடி அது. பையில் அந்தத் துணியில் ஒரு துண்டு போகட்டும். பள்ளியில் அழுக்குத் துணி என்று முகம் சுளித்தால், பையின் உள் ஜிப்பில் வைத்து மிஸ்ஸிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

வாசலுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள்

பிள்ளையின் பதற்றத்தைவிடப் பெற்றோரின் பதற்றம் சில வீடுகளில் பெரிது. பிள்ளை அதைப் படித்துவிடும். 1985-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. கண்ணாடி பதித்த மேசை. பாதி வரை கண்ணாடிக்கு ஒட்டினாற்போல் கட்டம் போட்ட பரப்பு. மறுபாதியில் அந்தப் பரப்பு ஓரடி கீழே இறங்கியிருக்கும், பார்க்கப் பள்ளம் மாதிரி தெரியும். ஒரு வயதுக் குழந்தையை ஒரு பக்கம் விட்டு, மறுபக்கம் அம்மாவை நிற்க வைத்தார்கள். பேசக் கூடாது, முகம் மட்டும் காட்ட வேண்டும். அம்மா சிரித்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பள்ளத்தைத் தாண்டிப் போயின. பயந்த முகம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூடப் போகவில்லை. இது ஆபத்தா இல்லையா என்று தெரியாத இடத்தில் குழந்தை தேடுவது நம் முகத்தைத்தான். பள்ளி வாசலும் அதற்கு அப்படி ஓர் இடம்.

அதற்காகக் கல்லாக நிற்க வேண்டும் என்றில்லை. அழுகை வந்தால் வரட்டும், கேட் தாண்டி வந்து வண்டிப் பக்கம் நின்று அழுங்கள். அம்மாவிடம் பிரிவது பெரும்பாடாக இருந்தால் கொஞ்ச நாள் அப்பாவோ தாத்தாவோ கொண்டுபோய் விடலாம். பல பிள்ளைகளுக்குத் தாத்தாவின் கையிலிருந்து ஆயாம்மா கைக்குப் போவது அவ்வளவு கடினமாக இருப்பதில்லை. பள்ளியோடு ஒரே ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: விட்டுவிட்டு வந்த அரை மணியில் "அடங்கிட்டான்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி. அதற்கு மேல் சிசிடிவி ஆப்பைத் திறந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது யாருக்கும் நிம்மதி தராது. ஓடுகிற ஏழு மணி நேரத்தில் பிள்ளை தனியாக நிற்கும் ஒரு நிமிடம்தான் கண்ணில் படும். அதுவே ராத்திரி வரை மனதில் ஓடும்.

குற்ற உணர்ச்சி பெரும்பாலும் அம்மாக்களின் தலையில்தான் வந்து விழுகிறது. வேலைக்குப் போகிறவளுக்கு "சம்பாத்தியம் பெருசாப் போச்சு" என்ற பேச்சு. வீட்டில் இருப்பவளுக்கு "சும்மாதானே இருக்க, வெச்சுப் பாத்துக்க முடியாதா?" என்ற பேச்சு. இரண்டுக்கும் பதில் சொல்லி மாளாது. ஆனால் தூக்கம் போகிறது, நெஞ்சு படபடக்கிறது, வேலையில் கவனம் நிற்கவில்லை என்ற நிலை வாரக் கணக்கில் நீடித்தால் அது பேச்சில் தீராது. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இலவசமாக மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசுச் சேவை இது.

டிபன், டாய்லெட், சாயங்காலம்

மனப் பயம் என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு டாய்லெட் பயம். வீட்டில் "ஒண்ணுக்கு வருது" என்று சொல்லிப் பழகிய பிள்ளையிடம் "மே ஐ கோ டு டாய்லெட் சொல்லு" என்றால், அதை யோசித்து முடிப்பதற்குள் கால்சட்டை நனைந்துவிடும். பிறகு பள்ளி என்றாலே அவமானம். வீட்டில் என்ன வார்த்தை சொல்கிறது என்று மிஸ்ஸிடமும் ஆயாம்மாவிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பட்டன் வேண்டாம், எலாஸ்டிக் வைத்த கால்சட்டை போதும். டிபன் பாக்ஸும் அப்படித்தான்: நாலு பக்கமும் கிளிப் போட்ட டப்பாவைத் திறக்கத் தெரியாமல் பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. வீட்டிலேயே பத்துத் தரம் திறந்து மூடிப் பழகட்டும்.

சாயங்காலம் வேறு கதை. "ஸ்கூல்ல சமத்தா இருந்தான்" என்று மிஸ் சொல்லி அனுப்பிய பிள்ளை, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னதற்கே உருண்டு புரளும். நாள் முழுக்க அடக்கி வைத்திருந்ததைத் தனக்குப் பாதுகாப்பான இடத்தில் கொட்டுகிறது. அந்த நேரத்தில் "இன்னைக்கு என்ன ரைம் சொல்லிக் கொடுத்தாங்க, சொல்லு பாப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். ஏதாவது சாப்பிடக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். கதை தானாக வரும், பெரும்பாலும் தூங்கப் போகும் நேரத்தில், யாரோ யாரையோ கடித்ததைப் பற்றி.

விட்டிருந்த படுக்கை நனைத்தல் திரும்பலாம், விரல் சப்புவது திரும்பலாம், இரவில் எழுந்து தேடலாம். சில வாரத்தில் போய்விடும். அதைச் சொல்லிக் கேலி செய்யாமல் இருந்தால் சீக்கிரம் போகும்.

பழகிவிட்டான் என்று நிம்மதியாக இருக்கும்போது ஒரு காய்ச்சல் வரும். முதல் வருடம் சளியும் காய்ச்சலும் அடிக்கடி வரத்தான் செய்யும். ஐந்து நாள் அம்மா மடியில் கிடந்துவிட்டு ஆறாம் நாள் போகும்போது முதல் நாள் அழுகை திரும்பும். காலாண்டு விடுமுறைக்குப் பிறகும், தம்பியோ தங்கையோ பிறந்த பிறகும் இதேதான். பின்னால் போய்விட்டதாக நினைக்க வேண்டியதில்லை. ஜூனில் மூன்று வாரம் எடுத்தது அக்டோபரில் இரண்டு மூன்று நாளில் சரியாகும். ஆனால் ஒவ்வொரு அழுகைக்கும் "சரி, இன்னைக்குப் போக வேணாம்" என்று விட்டுவிட்டால் அந்த இரண்டு மூன்று நாள் வரவே வராது. வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் போகும் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் திங்கட்கிழமைதான்.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது

மனநல மருத்துவ வரையறையில் இது கோளாறு என்று சொல்லப்படுவதற்குக் குழந்தைகளிடம் குறைந்தது நான்கு வாரம் நீடிக்க வேண்டும். அந்த வயதுக்கு மீறியதாக இருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கையையே குலைக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த மூன்று வயதுப் பிள்ளை இரண்டாம் வாரத்தில் அழுவதற்கு அந்தப் பெயரே பொருந்தாது. ஆனால் முழுதாக ஒரு மாதம் தொடர்ந்து போன பிறகும் பள்ளியில் யாரிடமும் சமாதானமாகவில்லை, ஒன்றும் சாப்பிடுவதில்லை, தினமும் காலையில் வாந்தி, எடை குறைகிறது, வீட்டில் வாய் ஓயாமல் பேசும் பிள்ளை பள்ளியில் மாதக் கணக்கில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். பேச்சிலோ பழகுவதிலோ வேறு ஏதாவது தாமதம் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனைகளோடு இணைந்த மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் கட்டணமில்லாமல் பரிசோதிப்பார்கள்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். மாதக் கணக்கில் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளை, காய்ச்சலோ விடுமுறையோ இல்லாமல் திடீரென்று மறுத்தால் அதைப் பிரிவுப் பதற்றம் என்று ஒதுக்கக் கூடாது. ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு பதுங்குவது, வேன் என்றாலே நடுங்குவது, குளிப்பாட்டும்போது தொட விடாமல் விலகுவது, உடம்பில் காரணம் தெரியாத காயம் இருந்தால் பள்ளியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பிள்ளையை மிரட்டிக் கேட்காமல், விளையாட்டுப் பொம்மைகளை வைத்துக்கொண்டு மெல்லக் கேளுங்கள். அது சொல்வதை நம்புங்கள். அன்றைக்கே பள்ளிக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள்.